நெறி கட்டியிருக்கு என்றார் வாத்தியார்

நெறி என்றால் என்னவென்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? போன மாதம் புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு பெண் டாக்டரிடம் கேட்டேன். "ஒழுக்க நெறியா மேடம்?" என்றாள். சிரித்துவிட்டேன். அப்புறம் சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். அவள் வயதில் எனக்கும் அது தெரியாது. அப்பாவுக்கு ரயில்வே வேலை என்பதால் பாதிப் பள்ளிப்படிப்பு நாக்பூரில் போயிற்று. மருத்துவக் கல்லூரியிலோ நோயாளி தமிழில் சொல்வதை இங்கிலீஷில் எழுதத்தான் பழக்கினார்கள். அந்தத் தமிழுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துக் காட்டவில்லை.

காலில் முள் ஏறிச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி எழும்பும். தொட்டால் வலிக்கும். அதைத்தான் எங்கள் பக்கத்தில் நெறி கட்டியிருக்கு என்பார்கள். கால் புண் ஆறினால் நெறியும் வடிந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லாத, மரியாதையான நோய் அது. வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதத்தில் இந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமையால் ஒரு மனிதரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். டாக்டர்களாகப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியவற்றில் முதலாவதாக இதைத்தான் வைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அப்போது திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தன. செந்துறைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. ஓட்டுக் கட்டடம், வாசலில் ஒரு வேப்பமரம், நினைத்தால் ஓடும் ஒரு ஜீப். சுற்றிலும் கடலையும் கம்பும் விளைகிற மானாவாரி நிலம். அரியலூருக்குப் போகிற பஸ் காலையில் ஒன்று, நண்பகலில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அந்த ஊரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது டிங்சர் வாசனையும் கடலைக்காய் அவிக்கிற வாசனையும் கலந்த ஒன்றுதான். அங்கே இருந்ததுபோல இன்னோர் இடத்தில் நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

முதல் நாளே கம்பவுண்டர் எனக்கு எல்லை பிரித்துக் கொடுத்துவிட்டார். ஐம்பது வயது, நெற்றி நிறைய விபூதி, யார் சொன்னாலும் அசராத மனிதர்.

"ஆம்பளைங்க வந்தா இடுப்புக்கு மேல நீங்க பாருங்கம்மா. கீழ நான் ஸ்க்ரீனுக்குப் பின்னால பாத்துட்டு வந்து உங்ககிட்ட சொல்லிடறேன். இங்க அதான் வழக்கம்."

"காலு?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "முட்டிக்குக் கீழ மறுபடி நீங்கதாம்மா."

சிரிக்காதீர்கள். எனக்கு அன்றைக்கு அது பெரிய உபகாரமாகப் பட்டது. ஆண்களுக்குத்தான் கூச்சம், அவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். என் அப்பா வயதுக்காரர் ஒருவரிடம் வேட்டியைத் தளர்த்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. கம்பவுண்டர் அவர்களை மட்டும் காப்பாற்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றினார்.

ஆண்கள் என்னிடம் நேராகக் கொண்டுவந்த நோய்கள் மூன்று. சூடு, வாய்வு, நெறி. சூடு என்றால் சிறுநீர் எரிகிறது, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது. வாய்வு என்றால் விலாவிலிருந்து விரை வரைக்கும் எங்கோ சுண்டி இழுக்கிறது. அது சிறுநீரகக் கல்லாக இருக்கலாம், என்னவாகவும் இருக்கலாம். இரண்டையும் கேட்டதும் நான் ஸ்க்ரீன் பக்கம் கையைக் காட்டிவிடுவேன். நெறி மட்டும் எனக்குரியது. ஏனென்றால் நெறிக்குக் காரணம் காலில் இருக்கும், கால் என் எல்லைக்குள் இருந்தது.

இன்னாசிமுத்து சார் வந்தது ஒரு சந்தை நாளில். கம்பவுண்டர் அன்று இல்லை. பக்கத்து ஊரில் மூன்று நாள் குடும்பக்கட்டுப்பாடு முகாம் என்று ஜீப்பும் அவரும் போயிருந்தார்கள். வரிசை வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு ரோடு வரைக்கும் நின்றது. சார் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியர், ஓய்வு பெற ஓராண்டோ என்னவோ பாக்கி. சொந்த ஊர் வரதராஜன்பேட்டைப் பக்கம். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. வரிசையில் இருந்தவர்கள் அவருக்கு வழி விட்டார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, தன் முறை வரும்வரை நின்றுதான் வந்தார்.

"நெறி கட்டியிருக்குங்க டாக்டரம்மா," என்றார். "முந்தாநாளு கடலக் கொல்லையில முள்ளு ஏறிடுச்சு."

காலை ஸ்டூலில் தூக்கி வைக்கச் சொன்னேன். இடது குதிகாலில் முள் ஏறிய இடம் கறுத்து, ஓரத்தில் லேசாகச் சீழ் கோத்திருந்தது. எனக்கு ஒரே திருப்தி. கீறிச் சுத்தம் செய்து கட்டுப் போட்டேன்.

"எந்தப் பக்கம் சார் நெறி?"

"வலது பக்கமுங்க."

"வலிக்குதா?"

"காலையிலேர்ந்து கொஞ்சம் கடுக்குது." வேட்டிக்கு மேலாக ஒரு தடவை கையை வைத்தார், சுட்டதுபோல உடனே எடுத்துவிட்டார்.

வலது பக்கம் நெறி என்று சீட்டிலும் எழுதினேன். பென்சிலின் ஊசி, மாத்திரை, மூன்று நாள் கழித்து வாருங்கள் என்றேன். எழுந்தவர் போகாமல் நின்றார்.

"இன்னொண்ணுங்க..." என்றார். பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தார். அடுத்து ஓர் அம்மா குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார். "ஒண்ணுமில்லீங்க. அப்புறமா வரேன்."

"சரிங்க சார்," என்றேன் நானும். நோயாளி நாற்காலியைவிட்டு எழுந்தபிறகு சொல்கிற "இன்னொண்ணுங்க" இருக்கிறதே, அதற்காகத்தான் அவர் வீட்டிலிருந்து கிளம்பி வந்திருப்பார். அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் அதைச் சொல்லத் தைரியம் சேர்ப்பதற்காக. அதை நான் கற்றுக்கொண்டது மறுநாள்.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். அவர் மனைவி சவரியம்மா கையில் பாட்டிலோடு வந்தார். மிக்சர் என்கிற தண்ணி மருந்தை வாங்க அப்போதெல்லாம் அவரவர் பாட்டில் கொண்டுவர வேண்டும். நன்றாகக் கழுவிய, கழுத்தில் நூல் கட்டிய பாட்டில்.

"சாருக்கு வாந்தி நிக்கலீங்கம்மா. நீங்க குடுத்த மாத்திரை ஒத்துக்கல போல. வயித்துக்கு எதாவது ஊத்திக் குடுங்க."

மாத்திரை வயிற்றைப் புரட்டுவது சகஜம். நான் மிக்சர் ஜாடியின் மூடியைத் திறந்துவிட்டேன். ஒரு கரண்டி ஊற்றியும் விட்டேன். அந்த அம்மா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு தன்பாட்டுக்குச் சொன்னார்:

"எப்பவும் படுத்தா அது உள்ள போயிடும். இந்த தடவ போகவே இல்லீங்க."

"எது உள்ள போகும்?"

"அதாங்க, நெறி."

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. நெறி உள்ளே போகாது. படுத்தாலும் நின்றாலும் அது இருந்த இடத்தில்தான் இருக்கும். படுத்தால் உள்ளே போவது குடல். குடலிறக்கம். அது இறங்கி இடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது, நான் அதற்குப் பென்சிலின் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"ரெண்டு வருஷமா வரும், போகும். எவன்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. ஒண்ணுக்குப் போறதே அவருக்குப் பெரும்பாடுங்க. நின்னு நின்னு, முக்கி முக்கி... நேத்து ராத்திரியிலேர்ந்து அதுவும் சுத்தமா இல்ல. வயிறு கும்முனு இருக்கு. காத்துகூட பிரியல."

ஜீப் முகாமில். ஆள் அனுப்பி அது வந்து சேர மாலையாகிவிடும். வெளியே ஐம்பது அறுபது பேர் காத்திருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டுப் போனால் நாளைக்குப் புகார் போகும். இதையெல்லாம் நினைக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நண்பகல் பஸ் எங்கள் வாசல் வழியாகத்தான் வரும், அடுத்த நிறுத்தம் சார் வேலை பார்த்துக் குடியிருந்த ஊர். சிறுநீர் எடுக்கிற ரப்பர் குழாயைக் கொதிக்கவைத்துத் துணியில் சுற்றிக்கொண்டேன். மருந்துப் பையை எடுத்துக்கொண்டு வரிசையின் முன்னால் போய் நின்று, "ஒரு உயிர் போயிட்டிருக்கு, நான் போறேன், திட்டறவங்க நாளைக்கு வந்து திட்டுங்க," என்றேன். யாரும் திட்டவில்லை. ஓர் ஆள் ரோட்டுக்கு ஓடிப்போய் பஸ்ஸை மறித்து நிறுத்தினார்.

சாருடைய வீடு பஸ் நிற்கிற இடத்துக்கு நேரெதிர். கண்டக்டரிடம், "நான் பாத்துட்டு வர்றவரைக்கும் நில்லுங்க," என்றேன்.

"பத்து நிமிஷம்தாம்மா," என்றார்.

முன் சீட்டில் ஒருவர் மடியில் தகரப் பெட்டியோடு இருந்தார். "திருச்சி ரயிலைப் பிடிக்கணும்யா எனக்கு! பொம்பளைக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" என்று கத்தினார். நான் வீட்டுக்குள் ஓடினேன்.

உள்ளே சார் கயிற்றுக் கட்டிலில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தார். முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. அந்த நிலையிலும் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். பக்கத்தில் ஒரு பெரியவர் கிண்ணத்தில் விளக்கெண்ணெயோடு தயாராக இருந்தார். தடவி அழுத்தினால் உள்ளே போய்விடுமாம், முன்னே பல பேருக்குச் செய்திருக்கிறாராம். அழுத்தவே கூடாது என்றேன். ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்ட குடல் உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அழுகியதை உள்ளே தள்ளிவிட்டால் வெளியே வீக்கம் போய்விடும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், ஆள் ரெண்டு நாளில் போய்விடுவார். பெரியவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அறையில் நான், சார், சவரியம்மா மூன்று பேர்தான்.

"சார், நான் பாக்கணும்."

"கம்பவுண்டர் வரட்டும்மா," என்றார். குரல் கெஞ்சியது.

"கம்பவுண்டர் வர்றதுக்குள்ள நீங்க இருக்கமாட்டீங்க சார்."

அவ்வளவு கொடூரமாக நான் அதுவரை யாரிடமும் பேசியதில்லை. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சவரியம்மாதான் வேட்டியைத் தளர்த்தினார்.

வலது இடுக்கில் ஒரு மாங்காய் அளவுக்கு வீங்கிச் சிவந்திருந்தது. விரல் பட்டதும் துடித்தார். அடிவயிற்றில் மூத்திரப்பை தொப்புள் வரைக்கும் நிரம்பி இறுகிக் கிடந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. குழாய் போட நின்றால் பஸ் போய்விடலாம். போடாமல் கிளம்பினால் அந்த ரோட்டின் ஒவ்வொரு குழியிலும் அந்தப் பை குலுங்கும். அவர் வலியில் முக்குவார், முக்க முக்க குடல் இன்னும் இறுகும். பஸ் போனால் போகட்டும் என்று குழாயை எடுத்தேன். ஆண் நோயாளிக்கு அதுவரை நான் குழாய் போட்டது மருத்துவக் கல்லூரியில் இரண்டு முறை, அதுவும் பக்கத்தில் ஆள் நிற்க. முதல் முயற்சி போகவில்லை. அவரை வாயால் மூச்சு விடச் சொல்லிவிட்டு நானும் மூச்சு விட்டேன். இரண்டாவதில் போயிற்று.

பிடிக்கப் பாத்திரம் தேடினால் சவரியம்மா கையில் இருந்தது அந்த மிக்சர் பாட்டில்தான். நான் ஊற்றிய ஒரு கரண்டி மருந்தைக் கொட்டிவிட்டு அதையே நீட்டினார். நிரம்பியது, பானையில் ஊற்றினோம், மறுபடியும் நிரம்பியது. சார் சுவரைப் பார்த்தபடியே அழுதார். வலி குறைந்த அழுகையா, வெட்கமா, எனக்குத் தெரியாது.

கதவைத் திறந்தால் பஸ் நின்றுகொண்டிருந்தது. நான்கு பேர் கட்டிலோடு அவரைத் தூக்கி வந்தார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, நம்ம சாரா?" என்று குதித்து இறங்கினார். சாரிடம் நான்காவது வகுப்பு படித்தவராம். கடைசி சீட்டு முழுக்கக் காலியாயிற்று. தகரப் பெட்டிக்காரர் தன் போர்வையை எடுத்து மடித்துத் தலைக்கு வைத்தார். அதற்கப்புறம் அரியலூர் வரைக்கும் பஸ் எங்கேயும் நிற்கவில்லை, கை காட்டினவர்களையெல்லாம் ஓட்டுநர் பார்க்காததுபோல ஓட்டினார். சாரைத் திருச்சிக்கு ரயிலில்தான் கொண்டுபோக வேண்டும். ஸ்டேஷன் வாசலில் பஸ் நிற்பதற்குள் தகரப் பெட்டிக்காரர் இறங்கி ஓடினார். ரயிலைப் பிடிக்க ஓடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஸ்டேஷன் மாஸ்டரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து, "இவங்க ஏறுனப்புறம்தான் சார் பச்சக்கொடி," என்று சண்டை போட்டார். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தம்.

திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த அறுவை மருத்துவர் குள்ளமான, சத்தம் போடாத மனிதர். சாரைப் பரிசோதித்தார், தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நேத்து பாத்தியாம்மா இவரை?"

"பாத்தேன் சார்."

"எதைப் பாத்தே?"

பொய் சொல்லலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "காலைப் பாத்தேன் சார்."

"முள்ளு எந்தக் கால்ல?"

"இடது கால்ல சார்."

"கட்டி?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. இடது காலில் முள்ளுக்கு வலது பக்கம் நெறி கட்டாது. அதை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். அவரே மேலே பேசினார்.

"அறுபதை நெருங்கற ஆளுக்குப் புதுசா குடல் எறங்குதுன்னா, அவரை முக்க வைக்கறது எதுன்னு கேக்கணும்மா. இருமலா, மலச்சிக்கலா, ஒண்ணுக்குப் போறதான்னு. எறங்கினதை மட்டும் தச்சு அனுப்பினா திரும்ப எறங்கும். கையைக் கழுவிட்டு உள்ள வா."

உள்ளே நடந்ததில் வெட்டுவதும் தைப்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு மறக்காதது அந்தக் குடல் வளையம் வெளியே வந்தபோது இருந்த நிறம். நாவல்பழக் கறுப்பு. மருத்துவர் வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் போட்டுக் கையால் மூடிக்கொண்டார். "மணி பாத்துக்க," என்றார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். சாருடைய சாமியையும் கூப்பிட்டேன். துணியை எடுத்தபோது ஓரத்தில் லேசாகச் சிவப்பு ஓடியிருந்தது. இன்னொரு துணி, இன்னொரு பத்து நிமிடம். அப்புறம் அது அசைந்தது. உயிருள்ள குடல் நெளிவதைப் பார்த்து அழுத டாக்டர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கையுறையைக் கழற்றும்போது அவர் சொன்னார்: "பொழச்சுக்குவாரு. நாளைக்குக் கண்ணு முழிச்சதும் நீயே அவர்கிட்ட சொல்லிடு, நேத்து நான் பாக்கலன்னு. அவரு என்ன நெனச்சாலும் பரவால்ல. சொல்லலன்னா அது உங்கிட்டயே தங்கிடும்."

மறுநாள் காலை வார்டில் சாருடைய கட்டிலருகே போய் நின்றேன். குழாய் பாட்டிலில் சொட்டிக்கொண்டிருந்தது. என்ன சொல்லவேண்டும் என்று ராத்திரி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"என்னை மன்னிச்சுக்கங்க டாக்டரம்மா. உங்ககிட்ட நான் பொய் சொல்லிட்டேன். அது நெறி இல்லன்னு எனக்குத் தெரியும். பொம்பளப் புள்ளகிட்ட வேற எந்த வார்த்தையைச் சொல்றதுன்னு தெரியல. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க பொய் சொன்னா முட்டி போட வைக்கறவன் நான்."

"பரவால்ல சார்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பரவாயில்லை என்ற அந்தச் சொல் வாயில் இருந்து வந்த பிறகு மற்றதைச் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன், சாயங்காலம் சொல்லாமலே ஊருக்கு ரயில் ஏறிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மூத்திரப்பையின் கழுத்தை அடைத்திருந்த வீக்கத்தையும் திருச்சியில் எடுத்தார்கள். சார் பழையபடி ஆனார். பஸ்ஸில் போகப் பயந்து ஐந்து வருடமாகக் கல்யாணங்களுக்கே போகாமல் இருந்தாராம். மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கமாட்டாராம். மணி அடிப்பதற்கு முன்னால் வகுப்பைவிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துப் பின்சுவரோரம் நிற்பாராம், பையன்கள் எண்ணுவார்களாம். இதையெல்லாம் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். நாம் கேட்பதில்லை.

முகாமிலிருந்து திரும்பிய கம்பவுண்டரிடம், இனி தலையிலிருந்து கால்வரைக்கும் நான்தான் பார்ப்பேன் என்றேன். "ஆம்பளைங்க ஒத்துக்கமாட்டாங்கம்மா," என்றார். "ஒத்துக்கிட்டாங்கன்னா?" என்றேன். ஸ்க்ரீனுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு போட்டுத் திரைத்துணியைக் கனமானதாக மாற்றினோம். கூட வரும் உறவினரையும் வரிசையையும் வெளியே நிறுத்திவிட்டு நேரான தமிழில் கேட்டேன். ஒண்ணுக்குப் போக நின்னு காத்திருக்கணுமா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கறீங்க? வீக்கம் படுத்தா உள்ள போகுதா? ரத்தம் வந்துச்சா? கேட்கிறவள் குரல் தடுமாறாவிட்டால் சொல்கிறவர் குரலும் தடுமாறுவதில்லை. வயிற்று வலி என்று அப்பா தூக்கிவந்த ஒரு பதினாலு வயதுப் பையனைத் திரைக்குப் பின்னால் பார்த்தபோது, அவனுக்கு ஒரு பக்க விரை முறுக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஜீப் இருந்தது, ஒரு மணி நேரத்துக்குள் கிளப்பிவிட்டோம். முன்போல இருந்திருந்தால் அவனுக்கும் மிக்சர்தான் ஊற்றியிருப்பேன்.

சார் ஓய்வு பெற்றபிறகு எனக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். ஊரில் எந்தக் கிழவர் சுவரோரம் நெடுநேரம் நிற்கிறார், யார் காலை அகட்டி நடக்கிறார் என்று பார்த்துவைத்துப் பிடித்து அனுப்புவார். ஒவ்வொருவர் கையிலும் அச்சுப்போன்ற எழுத்தில் ஒரு சீட்டு இருக்கும். "அன்புள்ள டாக்டரம்மா, இவர் முட்டி வலி என்பார். நம்பவேண்டாம்." இன்னொன்றில், "இவர் சூடு என்று சொல்லி வெள்ளரிக்காய் தின்றே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டார். தயவுசெய்து வைது அனுப்பவும்." அரும்பாவூரிலிருந்துகூட ஒருவர் அந்தச் சீட்டோடு வந்தார், சாருடைய சம்பந்தி வழிச் சொந்தம். நான் பத்து ஊரில் வேலை பார்த்திருக்கிறேன், விருதெல்லாம் வாங்கியிருக்கிறேன். அந்தச் சீட்டுகள் வந்த காலத்துக்கு எதுவும் ஈடில்லை.

சீட்டோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். சார் டாக்டரம்மாவிடம் பொய் சொன்னாராம். டாக்டரம்மா அதையும் மீறிக் கண்டுபிடித்துப் பஸ்ஸை நிறுத்தி உயிரைக் காப்பாற்றினாராம். சாரே அப்படித்தான் சொல்லிவந்தார், கோயில் திருவிழாவிலும், கல்யாண வீட்டிலும், என் எதிரிலேயும். ஒவ்வொரு தடவையும் நான் திருத்தலாம் என்று நினைப்பேன். நான் ஊருக்குப் பிடித்துப்போன டாக்டராகிவிட்டேன், என்னை நம்பி ஆண்கள் வருகிறார்கள், இப்போது போய் எதற்கு என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். நல்ல காரணம்போலத்தான் இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு மாற்றல் வந்தது. அதற்கப்புறம் சில வருடம் கழித்து ஒரு கார்டு வந்தது, சார் காலமாகிவிட்டார், மாரடைப்பு. அடக்கம் முடிந்து மறுநாள்தான் என்னால் போகமுடிந்தது. வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. சவரியம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களைத்தாங்கம்மா சொல்லிக்கிட்டே இருந்தாரு. அந்த அம்மா எம்மேல எவ்ளோ நம்பிக்கையா மருந்து குடுத்துச்சு, நான் வாய்கூசாம பொய் சொன்னேனே, அது மட்டும்தான் நான் செஞ்ச பாவம்னு. போன ஞாயித்துக்கெழமகூட சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல அதைத்தான் சொன்னேன்னாரு."

"இல்லம்மா," என்று ஆரம்பித்தேன். சவரியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. "என்னங்கம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா. சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.